நிறுத்தம் பார்த்து நின்ற கார்

எங்கள் காரை விற்பதா, பழுது பார்ப்பதா என்று எங்கள் வீட்டில் நடந்த சண்டையைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருந்தால், ஏதோ சொத்துத் தகராறு என்றுதான் நினைத்திருப்பீர்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. என் வீட்டுக்காரருக்குக் கோபமே வராது. கோபம் வராத மனிதரோடு சண்டை போடுவது இருக்கிறதே, அதைவிடக் களைப்பான வேலை உலகத்தில் கிடையாது. நான் கத்திக்கொண்டே இருப்பேன், அவர் சட்டைப் பித்தானைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் அந்தக் கார் எனக்கு என்ன என்பது புரியும்.

ஆஸ்பத்திரியின் நிலவறையில் சலவைப் பிரிவு. ஜன்னல் கிடையாது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறை அங்கி என்று நாள் முழுக்க வெள்ளை, வெள்ளை, வெள்ளை. பெரிய உருளைகளுக்குள் ஈரமாகப் போகும் விரிப்பு அந்தப் பக்கம் சூடாக வந்து விழும். நானும் எதிரில் நிற்பவளும் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு ஒருவரை நோக்கி ஒருவர் நடப்போம், மடிப்போம், பின்னால் போவோம், மறுபடி நடப்போம். நீராவியில் சில நேரம் எதிரில் இருப்பவளின் முகம் தெரியாது, கைகள் மட்டும்தான் மிதந்து வரும். வெளியே வெயிலா மழையா என்பதை, மேலேயிருந்து இறங்கி வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம்.

வேலை முடிந்து படியேறி வந்தால் வாசலில் அந்தக் கார் நிற்கும். உள்ளே அவர். நேராக வீட்டுக்குப் போக மாட்டோம். ஏரிக்கரைச் சாலையை ஒரு பெரிய சுற்று சுற்றிக்கொண்டுதான் போவோம். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடித்து உட்கார்ந்துகொள்வேன். ஜன்னல் கண்ணாடி பாதி இறங்கியிருக்கும். தண்ணீர் ஒரு பக்கமாக எங்களோடு கூடவே வரும். மேலே மேகங்கள் யாரும் மடித்து வைக்காமல் அவை பாட்டுக்குக் கிடக்கும். பாதித் தூக்கத்தில் இருப்பேன், பாதி விழிப்பில். கண்ணை மூடினால் கார் தண்ணீரின் மேல் போகிறது என்று தோன்றும். திறந்தால் சாலையில்தான் போகும், ஆனால் அதுவும் நம்பும்படியாக இருக்காது. எனக்கு ஒரு நாளில் கிடைத்த வானமே அவ்வளவுதான். நகை கேட்டேனா, நட்டு கேட்டேனா? இந்த ஒரு சுற்றைத்தான் கேட்டேன்.

அவர் வேலை பார்ப்பது பெயிண்ட் கடையில், நிறம் கலக்குகிற வேலை. சுவரிலிருந்து உதிர்ந்த ஒரு சில்லைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்ப்பார், இதில் சொட்டு, அதில் இரண்டு சொட்டு என்று விடுவார், அச்சாக அதே நிறம் வந்துவிடும். கண்ணில் தராசு வைத்திருக்கிறார் என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் அன்றைக்கெல்லாம் நடையில் ஒரு மிடுக்கு இருக்கும். எங்கள் காரும் அவர் கலந்த நிறம்தான். காலையில் சாம்பல், மாலையில் நீலம், மழையில் என்னவென்றே சொல்ல முடியாது.

யாரோ கப்பலில் வேலை பார்த்தவரிடமிருந்து வாங்கிய பழைய வண்டி அது. பல வருஷம் சொன்ன பேச்சைக் கேட்டது. போன வருஷத்திலிருந்துதான் மக்கர் செய்ய ஆரம்பித்தது.

அதுவும் எப்படி? காலையில் அவர் கடைக்குப் போகும்போது நிற்காது. பகலில் நிற்காது. சாயங்காலம், ஏரிக்கரையில் விளக்குகள் எரியத் தொடங்கும் நேரத்தில், ஒரு இருமல் இருமும். அப்படியே ஓரமாக உருண்டுபோய் நின்றுவிடும். அவர் சாவியைத் திருப்புவார். கிர்ர் கிர்ர் என்று சுற்றும், உயிர் வராது. நிற்கிற இடமும் எப்போதும் ஏதாவது ஒரு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில்தான்.

"இதுக்கு இந்த அறிவாவது இருக்கே," என்பேன் நான். "நட்டநடு ரோட்டுல நம்மள விடாம, பஸ் ஸ்டாப் பாத்து நிக்குது சனியன்."

"சமத்து," என்பார் அவர்.

காரைப் பூட்டிவிட்டு பஸ்ஸில் ஏறுவோம். ஏறும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். இறங்கி வீடு வரும்வரை விட மாட்டார். இத்தனை வருஷத்தில் இல்லாத பழக்கம். காரைத் திட்டிக்கொண்டே வந்தாலும், அந்தப் பிடி எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்? மறுநாள் காலையில் அவர் போய் எடுத்தால் கார் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்.

மெக்கானிக் பார்க்காத பார்வை இல்லை. பானெட்டுக்குள் இடுப்புவரை போய் வந்தார். பிளக்கை மாற்றினார், பெட்ரோல் பம்பை மாற்றினார், வயர்களைப் பிரித்துக் கோர்த்தார்.

"அக்கா, எங்கிட்ட வந்தா மாமியார் முன்னாடி நிக்கிற மருமக மாதிரி அடக்க ஒடுக்கமா இருக்குக்கா. உங்ககிட்டதான் வாலை ஆட்டுது," என்றார். "இனிமே இன்ஜினை இறக்கிப் பிரிச்சுதான் பாக்கணும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிடும். இல்லையா, யார் தலையிலயாவது கட்டிடுங்க. ரெண்டுல ஒண்ணு."

"பிரிச்சுப் பாருங்க," என்றேன் நான்.

"வித்துடலாம்," என்றார் அவர், அதே நேரத்தில்.

அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை. அதற்குள் பொழுது சீக்கிரம் சாய்கிற மாதங்கள் வந்துவிட்டிருந்தன. நான் படியேறி மேலே வரும்போதே வெளிச்சம் வடிந்துகொண்டிருக்கும். சுற்று சின்னதாகிக்கொண்டே வந்தது. ஏரி கண்ணில் படுவதற்கு முன்பே கார் இருமியது.

கீழ்வீட்டில் இருக்கும் என் நாத்தனார் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மேலே வந்து, எங்களோடு தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. இப்பவே வித்தா இரும்பு விலைக்காவது போகும். கண் கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம் பண்ணி என்ன பிரயோஜனம்?"

"உன் அண்ணன் சொல்லிக் குடுத்து அனுப்பினாரா?" என்றேன்.

"எனக்கு ஒருத்தர் சொல்லிக் குடுக்கணுமா? போங்க அண்ணி."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்குப் போக வேண்டிய கை பாதியில் நின்றிருந்தது. பிறகு மெதுவாக எழுந்து கை கழுவப் போய்விட்டார். தங்கச்சி முன்னால் நான் எடுத்தெறிந்து பேசியதுதான் காரணம் என்று நினைத்தேன்.

"எனக்குன்னு இருக்கிறதே அந்த ஒரு மணி நேரம்தான்," என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினேன். "அதையும் வித்துட்டு வாங்க. நான் நிலவறையிலயே படுத்துக்கறேன்!"

குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாங்குவதற்கு ஒரு ஆளை வரவழைத்துவிட்டார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பழகுகிறவர்கள் இடித்தாலும் மனசு வலிக்காத ஒரு வண்டி வேண்டுமாம். பருத்த உடம்பு, மெல்லிய குரல். காரைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடி, "சத்தம் நல்லா இருக்கு," என்றார். ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். அவர் ஸ்டியரிங்கில், என் வீட்டுக்காரர் பக்கத்தில். நான் முதல்முறையாகப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்: நில்லு, இப்ப நில்லு, இந்த ஆள் ஓடிப் போகட்டும்.

எங்கே நின்றது? வெண்ணெய் மாதிரி ஓடியது. ஏரியைச் சுற்றி வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தது.

டிரைவிங் ஸ்கூல்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு சீட்டைப் பின்னுக்குத் தள்ளப் பார்த்தார். கை எதிலோ தட்டியது. சீட்டுக்கும் கைபிரேக்குக்கும் நடுவில் தொங்கிய துணியை விலக்கிக் குனிந்தார்.

"ஓ, திருட்டுக்குப் பயந்து வச்ச சுவிட்சு. பழைய ஆள் வச்சிருப்பார் போல. வண்டியை மாசக்கணக்கா விட்டுட்டுப் போறவங்க வைப்பாங்க. இதைத் தட்டினா பெட்ரோல் போறது நின்னுடும். சாவி சுத்தும், வண்டி எழுந்திருக்காது. பாருங்க." தட்டினார். சாவியைத் திருப்பினார். கிர்ர் கிர்ர்.

அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியாதா? ஒரு வருஷமாகக் கேட்ட சத்தம்.

பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். எது பழைய கறை, எது புதுக் கறை என்று பிரித்துப் போடுவதுதான் என் பிழைப்பு. சுற்றிலும் புழுதி படிந்திருந்தது. அந்த சுவிட்ச் மட்டும் விரல் பட்டுப் பட்டு மினுமினுவென்று இருந்தது. என் வீட்டுக்காரர் திரும்பவே இல்லை. அவருடைய பின்கழுத்து மட்டும் எனக்குத் தெரிந்தது.

"யோசிச்சு நாளைக்குச் சொல்றோம்," என்று அந்த ஆளை அனுப்பிவைத்தேன்.

வீட்டுக்குள் வந்ததும் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தையை இந்த மனுஷன் எங்கே கற்றார்? ஒவ்வொரு நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என் வானத்தைத் தன் விரலாலேயே அணைத்திருக்கிறார். பாவம் அந்த மெக்கானிக், நல்ல வண்டிக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோனார். என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாகக் கோர்த்து வைத்துக்கொண்டேன். அவர் முன்னறையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கோபம் தொண்டைவரை வந்ததும், இப்போது பேசினால் குடியே முழுகிவிடும் என்று போய்ப் படுத்துவிட்டேன்.

தூங்கினேனா, விழித்திருந்தேனா தெரியாது. சலவைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். கூரை இல்லை, மேலே நீராவிதான் போய்க்கொண்டே இருந்தது. என் கையில் விரிப்பின் இரண்டு மூலை. எதிர் மூலைகளைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். வாங்க, மடிக்கணும் என்றேன். அவர் நடந்து வந்தார். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் என் கைக்கு வர வேண்டிய கைகள் எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காற்றைத் துழாவின. இங்கே இருக்கேன், இங்கே இருக்கேன் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் சிரித்த முகத்தோடு என்னைத் தாண்டிப் போனார்.

எழுந்து உட்கார்ந்தேன். பகல் வெளிச்சம் கட்டில்மேல் விழுந்து கிடந்தது. பகலில் நிற்காத கார். இருட்டும்போது நிற்கிற கார். பஸ் நிறுத்தம் பார்த்து நிற்கிற கார். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மனிதர். கண் கெட்டப்புறம் என்று நாத்தனார் சொன்னபோது பாதியில் நின்றுபோன கை. அடிப்பாவி, உனக்குக் கண் இல்லையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கோர்த்து வைத்த கேள்விகளில் ஒன்றுகூட நினைவில் இல்லை.

சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றேன்.

"வாங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். திட்டு விழும் என்று நாள் முழுக்கக் காத்திருந்த முகம். "வேண்டாம்மா. நடுவழியில நின்னுடும்."

"நின்னா நிக்கட்டும். எழுந்திருங்க."

ஏரிக்கரைச் சாலையில் அன்றைக்கு யாருமே இல்லை என்று சொல்லலாம். தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு அழிந்திருந்தது. மரங்கள் ஒவ்வொன்றாக நிழலுக்குள் போய்க்கொண்டிருந்தன. நான் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிக் காலை மடித்துக்கொண்டேன், ஆனால் கண்ணை மூடவில்லை. தண்ணீரையும் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தேன். கழுத்து முன்னுக்கு நீண்டிருந்தது. கண்ணைச் சுருக்கிச் சுருக்கி விரித்தார். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. இந்த ஒரு வருஷம் நான் மேகத்தில் மிதந்துகொண்டு போனபோதெல்லாம் இவர் இப்படித்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரா?

முதல் விளக்கு எரிந்தது. விளக்கு இல்லாத சைக்கிளில் யாரோ எங்களை உரசுகிற மாதிரி கடந்து போனார்கள். அவர் அசையவே இல்லை. சைக்கிள் வந்ததும் அவருக்குத் தெரியாது, போனதும் தெரியாது.

சாலை முடிகிற இடத்தில் பஸ்கள் திரும்புகிற ஒரு வெட்டவெளி உண்டு. கடைசி நிறுத்தம் அது. அவர் தலையை லேசாகத் திருப்பி அதைத் தேடினார். இடது கை ஸ்டியரிங்கை விட்டுக் கீழே இறங்கத் தயங்கியது.

அதற்குள் நான் கையை நீட்டி அந்த சுவிட்சைத் தட்டினேன்.

கார் இருமியது. அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அது உருண்ட வரைக்கும் உருளவிட்டு, வெட்டவெளியின் ஓரத்தில் நிறுத்தினார். சாவியைத் திருப்பவில்லை. என் கை இன்னும் சுவிட்சின் மேலேயே இருந்தது. அவர் தன் கையைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தார்.

"எப்பலேருந்து?" என்றேன்.

"போன வருஷம். முதல்ல பனின்னு நினைச்சேன். கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பாத்தேன்."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். இருட்டுலதான் ஆரம்பிக்குமாம். அப்புறம் ஓரத்துலேருந்து உள்ள வருமாம். மெதுவாத்தான் வரும்னார். எவ்வளவு மெதுவான்னு கேட்டேன், அவருக்கே தெரியலை. பகல்ல இன்னும் எல்லாம் சரியா இருக்கு. நிறமெல்லாம் தெரியுது."

"எங்கிட்ட சொன்னா என்ன? நான் என்ன புலியா, கரடியா?"

"சொன்னா நீ இந்தச் சுத்து வேண்டாம்னுடுவே. பஸ்லயே வீட்டுக்குப் போலாம்பே. உனக்குன்னு இருக்கிறதே இது ஒண்ணுதான்." இன்னொரு கையால் ஸ்டியரிங்கைத் தடவினார். "வெளிச்சம் இருக்கிறவரைக்கும் ஓட்டிடலாம்னு நினைச்சேன். இப்ப நீ மேல வரும்போதே இருட்டிடுது. இனிமே உன்னை வச்சுக்கிட்டு ஓட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. அதான் வித்துடலாம்னேன்."

அழக்கூடாது என்று இருந்தேன். அழுதேன். மூக்கைச் சிந்திக்கொண்டு, கேட்க வேண்டியது எவ்வளவோ இருக்க, இதைத்தான் கேட்டேன்:

"பஸ்ல ஏறும்போது என் கையைப் பிடிச்சீங்களே. அதுவும் கண்ணு தெரியாமத்தானா?"

"ஆமா," என்றார். பிறகு, "படியேறுற வரைக்கும்தான் அது. ஏறினப்புறம் பஸ்ஸுக்குள்ள லைட் இருந்துதே," என்றார்.

அந்த மனிதரை என்ன செய்வது சொல்லுங்கள்?

பஸ் வந்து வட்டம் போட்டுத் திரும்பி, எங்களுக்கு நேராகக் கதவைத் திறந்து நின்றது. எங்களை அடிக்கடி ஏற்றிச் செல்லும் அதே டிரைவர்தான். "என்னம்மா, இன்னைக்கும் காலை வாரிடுச்சா?" என்றார். "இல்லைங்க, வண்டி நல்லாத்தான் இருக்கு. நீங்க போங்க," என்றேன். அவர் நம்பாமல் பார்த்துவிட்டுக் கதவை மூடினார். பஸ்ஸின் பின்விளக்குகள் தண்ணீர் ஓரமாகப் போய்க் கரைந்தன. வெட்டவெளியில் நாங்கள் மட்டும் இருந்தோம்.

"நாளைக்கு அந்த டிரைவிங் ஸ்கூல்காரருக்கு போன் பண்ணுங்க," என்றேன்.

"விக்கிறோம்னு சொல்லட்டுமா?"

"மாணவி ஒருத்தி இருக்கான்னு சொல்லுங்க. கொஞ்சம் வயசான மாணவி. வாய் ஜாஸ்தி."

அவர் சிரித்தாரா, மூச்சு விட்டாரா தெரியவில்லை.

"நாளைக்கு வரைக்கும் எதுக்கு? இங்க இடிக்கிறதுக்குக்கூட ஒண்ணும் இல்லை. இறங்குங்க," என்றேன். கதவைத் திறந்து, காரின் முகப்பைச் சுற்றி வந்து, அவர் பக்கம் நின்றேன். அவர் இறங்கி, காரைக் கையால் தடவிக்கொண்டே அந்தப் பக்கம் போனார். எத்தனையோ சாயங்காலம் நான் படுத்துக் கனவு கண்ட இடத்தில் உட்கார்ந்தார். ஸ்டியரிங் நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. கண்ணாடிக்கு வெளியே இருட்டு மொத்தமும் என் பொறுப்பில் வந்து நின்றது.

"இடது காலால கிளட்சை முழுசா அமுக்கு," என்றார். அந்த சுவிட்சை மறுபடி தட்டிவிட்டு, என் கையைப் பிடித்துக் கியரின் மேல் வைத்தார். பார்க்காமலே எது எங்கே என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது. "முன்னாடி என்ன தெரியுது, சொல்லு."

"ரெண்டு கம்பம். ஒண்ணுல விளக்கு எரியுது. நடுவுல ஒரு நாய் படுத்திருக்கு. அந்தப் பக்கம் வேலி. அதுக்கு அப்புறம் தண்ணி."

"நாய் எழுந்திருச்சுதா?"

"எழுந்து போயிடுச்சு. நம்ம லட்சணம் அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

"சரி, சாவியைத் திருப்பு."

இத்தனை வருஷம் வாயால் ஊரை விரட்டியவளுக்கு ஒரு சாவியைத் திருப்ப முடியவில்லை.

"பயமா இருக்குங்க," என்றேன்.

அவர் கை என் கையின் மேலேயே இருந்தது. அப்போது அவர் பேசிய குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

"எனக்கும்தாம்மா," என்றார். "ஒரு வருஷமா ரொம்பப் பயமா இருக்கு."

சாவியைத் திருப்பினேன்.